நாலு விரலுக்கு மூன்று விரல்

கிட்டாரின் தலை பின்னால் சாய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, மரத்தை வளைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு. வளைக்கவில்லை. சாய்வாக அறுத்து, அறுத்த துண்டைக் கவிழ்த்துப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். இந்த வித்தை எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடப் படி ஏறாதவன் நான். ஆனால் பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் சாலையின் இரண்டு பக்கமும் விசாரித்துப் பாருங்கள், எத்தனை மாடிவீட்டுக்கு என் பட்டறையிலிருந்து நிலையும் கதவும் போயிருக்கின்றன என்று. கம்ப்யூட்டர் சொல்லச் சொல்ல மரம் அறுக்கும் மிஷினை இந்தப் பக்கத்தில் முதலில் கொண்டுவந்து இறக்கியவனும் நான்தான். அந்த மிஷினுக்கு முன்னால் நின்றுகொண்டே சொல்வேன்: என் அப்பாவும் பெரியப்பாவும் ஒரு கைவாளை வைத்து அறுத்தார்களே ஒரு சரிவு, அதைப் போல ஒன்றை அந்த மிஷின் இன்னும் அறுத்ததில்லை.

காரக்கோணம் போகும் சாலையிலிருந்து இறங்குகிற இடவழியில், ஒரே தென்னைவிளையில் எங்கள் வீடும் பெரியப்பா வீடும் இருந்தன. நடுவில் ஒரு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பா, இந்தப் பக்கம் அப்பா, இரண்டுபேரும் மரவேலைக்காரர்கள். இரண்டுபேரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. பேச்சு நின்றதற்குக் காரணம் சொத்துமில்லை, பெண்டுகளுமில்லை. எங்கள் சபைக்கோயிலின் கூரைதான் காரணம்.

ஓலை மாற்றி ஓடு போட்டபோது கூரைவேலையை அண்ணன் தம்பி இருவரும்தான் எடுத்திருந்தார்கள். கூரையின் சரிவை மேஸ்திரிமார் விரலால்தான் சொல்வார்கள். நாலு விரல் தூரம் போனால் எத்தனை விரல் ஏற்றம் என்பது கணக்கு. பெரியப்பா, “நாலுக்கு மூணு” என்றார். அப்பா, “நாலுக்கு ரெண்டரை போரும், இது என்ன மலையா?” என்றார். வாக்குவாதம் முற்றி, கீழே சபையார் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க, தம்பி அண்ணனைப் பார்த்து, “ஒனக்குச் சரிவு தெரியாது” என்று சொல்லிவிட்டார். அளவெடுக்கும் முழக்கோலைக் கீழே எறிந்துவிட்டு ஏணி வழியாக இறங்கினவர்தான். அதன்பிறகு அப்பா எந்தக் கூரையிலும் ஏறவில்லை. கதவு, ஜன்னல், சபைக்கு பெஞ்சு, ஆள் செத்தால் பெட்டி, இப்படித் தரையில் நின்று செய்கிற வேலைகளோடு இருந்துகொண்டார். பெரியப்பா தனியாக நின்று நாலுக்கு மூணு என்றே கூரையை முடித்தார். அந்தக் கூரை ஒரு சொட்டு ஒழுகினதில்லை. மழைபெய்யும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபம் நடக்கும்போது எல்லாரும் தலைகுனிந்து கண்ணை மூடியிருப்பார்கள். அப்பா மட்டும் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மனுஷனுக்கு எவ்வளவு பக்தி என்று நான் நினைத்துக்கொள்வேன்.

பேச்சு நின்றாலும் விஷயம் நிற்குமா? ஒரே கிணறு, ஒரே இடவழி. அதற்குத்தான் நான் இருந்தேன். பெரியப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, என்னைப் பார்த்துச் சொல்வார்: “எலே மக்கா, அவனுக்க கோழி எனக்க சேனையக் கிண்டுதுண்ணு ஒனக்க அப்பன்கிட்ட சொல்லு.” அப்பா பக்கத்தில்தான், கூப்பிடாமலே கேட்கிற தூரத்தில் நிற்பார். நான் திரும்பி அதை அப்படியே சொல்வேன். அப்பா, “கோழிக்கு வேலி தெரியாது, மனுஷனுக்குத் தெரியும்ணு சொல்லு” என்பார். நான் மறுபடி திரும்புவேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் என்னை விட்டால் ஆளில்லை என்ற கர்வம் எனக்கு. சில சமயம் சொல்லாததையும் கொஞ்சம் சேர்த்துச் சொல்வேன். வாங்கினதை அப்படியே கொடுத்தால் அதிலென்ன கெட்டிக்காரத்தனம்? அம்மையும் பெரியம்மையும் மட்டும் வேலிக்கு மேலே மீன்கறியைக் கைமாற்றிக்கொண்டு இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் இரண்டுபேர் முகமும் வாடிப்போகும். பெரியப்பாவின் மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. சிற்றப்பன்காரன் முன்னால் நிற்காத கல்யாணத்தை ஊர் என்ன சொல்லும் என்பது அவர்கள் கவலை.

அப்படியிருக்கும்போதுதான் சண்டே ஸ்கூலில் பாட்டு வாத்தியார், நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் ஒரு சபையில் கிறிஸ்மஸ் ஆராதனைக்குக் கிட்டார் வாசிக்கப் போகிறார்கள் என்றும், நமக்கு இந்த இருமுகிற ஆர்மோனியம்தான் கதி என்றும் சொன்னார். நான் எழுந்து நின்றேன். நாக்கு என்னைக் கேட்டுக்கொண்டு பேசுவது அன்றைக்குமில்லை, இன்றைக்குமில்லை.

“எனக்க அப்பா கிட்டார் செய்து தருவாரு. அவருக்கு அதெல்லாம் ஒரு வேலையாக்கும்?”

ஆராதனை முடிந்ததும் வாத்தியார் நேராக அப்பாவிடம் வந்தார். அவருக்கு உற்சாகம் வந்தால் மலையாளமும் கூடவே வரும். “மேஸ்திரீ, மோன் பறஞ்ஞது நேராணோ? கிறிஸ்மஸுக்கு கிட்டார் உண்டா?”

சுற்றிலும் சபையார். கொஞ்சம் தள்ளிப் பெரியப்பாவும் நின்றுகொண்டிருந்தார். அப்பா அவரிருந்த பக்கம் பார்க்காமல் பார்த்துவிட்டு, “உண்டு” என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் என் காதைப் பிடித்துத் திருகினார். “எலே, கிட்டார்ணா என்னதுலே?”

வாத்தியாரின் தங்கைமகன் திருவனந்தபுரத்தில் படித்துக்கொண்டிருந்தான். அவனிடம் ஒரு கிட்டார் இருந்தது. ஒரு பகல் மட்டும் பார்த்துவிட்டுத் தந்துவிட வேண்டும் என்று கெஞ்சி வாங்கி வந்தோம். அப்பா பாயை விரித்து, குழந்தையைக் குளிப்பாட்டப் படுக்கவைக்கிற மாதிரி அதைப் படுக்கவைத்தார். ஒரு கட்டு தென்னை ஈர்க்கில் எடுத்துக்கொண்டார். நீளத்துக்கு ஒரு ஈர்க்கில், இடுப்புக்கு ஒன்று, வயிற்றின் ஓட்டைக்கு ஒன்று என்று ஒவ்வொன்றாக அளந்து ஒடித்து, எது எதற்கு என்று தெரிய ஒவ்வொன்றிலும் ஒரு முடிச்சுப் போட்டார். படம் வரையவில்லை, எழுதவில்லை. கடைசியில் தலைக்கு வந்தார். கழுத்தின்மேல் முழக்கோலைப் படுக்கவைத்து, தலைக்கு மேலே அது நீட்டிக்கொண்டிருக்கும்படி பிடித்தார். தலை சாயத் தொடங்குகிற இடத்திலிருந்து நாலு விரல் தள்ளி, கோலுக்கும் தலைக்கும் நடுவே இருந்த இடைவெளியில் ஒரு விரலை நுழைத்தார். சரியாக இருந்தது.

“நாலுக்கு ஒண்ணு. எங்க, சொல்லு.”

“நாலுக்கு ஒண்ணு” என்றேன்.

“மறந்துராத. நான் மறந்தாலும் நீ மறக்கப்பிடாது.”

உடம்பு, தேயிலைப் பெட்டியின் பலகையில் வந்தது. இரும்புக் குழாயைச் சூடாக்கி, நனைத்த பலகையை அதில் அணைத்து அணைத்து அப்பா இடுப்பை வளைத்தார். வளைகிற பலகை ஒடியப்போகும் நேரம் அவருடைய கைக்கு முன்கூட்டியே தெரியும்; ஒரு மூச்சுக்கு முன்னால் கையை எடுத்துவிடுவார். எட்டுப்போலத் திரண்டு வந்த அந்த உடம்பைப் பார்க்க, இடவழியில் போகிறவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அம்மை மட்டும் மூக்கை வைத்து மோந்துவிட்டு, “ஒரு சாயா போட்டுக் குடிக்கலாம் போல இருக்கு” என்றாள்.

இனிக் கழுத்து. தேக்கில் ஒரு சட்டம் இழைத்து வைத்திருந்தார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அதை அறுத்து முடித்து, வாளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“கெட்டுபோச்சு மக்கா. சரிவு கூடிபோச்சு.”

பார்த்தேன். நீளமாக, படுத்தாற்போலப் போகவேண்டிய சரிவு, செங்குத்தாக ஏறி நின்றது. அதைக் கவிழ்த்து ஒட்டினால் கிட்டாரின் தலை பின்னால் ஒடிந்து தொங்கும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கிறிஸ்மஸ் கிட்டே வந்துவிட்டது. கிட்டார் இல்லையென்றால் சண்டே ஸ்கூலில் என் முகத்தை எங்கே கொண்டு வைப்பேன்?

“நாலுக்கு ஒண்ணுண்ணு நான் சொன்னேன்லா! கேட்டிருக்கலாம்லா!”

“மறந்துபோச்சுலே” என்றார். ஒரு ஜன்னல் கம்பி கோணினால்கூடப் பட்டறையே அதிரக் கத்துகிற மனுஷன், தேக்கு கெட்டதற்கு ஒரு சத்தமும் போடவில்லை. வெட்டுண்ட பெரிய துண்டை என் கையில் தந்தார். “இத கொண்டு ஒனக்க பெரியப்பன்கிட்ட காட்டு.”

“என்ன சொல்லணும்?”

“ஒண்ணும் சொல்லாண்டாம். காட்டு.”

எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. செய்தியில்லாமல் என்னை அனுப்புகிறார். நானென்ன வெறும் சுமட்டுக்காரனா? வேலியைத் தாண்டுவதற்குள் நானே ஒன்றைத் தயார் செய்துகொண்டேன்.

பெரியப்பா முற்றத்தில் உட்கார்ந்து வாளுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். “பெரியப்பா, அப்பா தப்பா அறுத்துபோட்டாரு. கிட்டார் போச்சு” என்று கட்டையை நீட்டினேன்.

அவர் முதலில் சிரித்தார். “பெட்டி செய்யிறவனுக்கு வீணை ஆசை!” என்று சொல்லிக்கொண்டே வாங்கியவர், கட்டையின் சரிவில் கையை வைத்ததும் சிரிப்பை நிறுத்தினார். நாலு விரலைப் படுக்கவைத்தார். ஏற்றத்தில் மூன்று விரலை நிறுத்தினார். மறுபடி வைத்துப் பார்த்தார். கட்டையைத் திருப்பி அந்தப் பக்கத்தையும் பார்த்தார். எவ்வளவு பெரிய பிழை என்று அளக்கிறார், இனி ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார் என்று நினைத்தேன்.

“இத என்னண்ணு சொல்லித் தந்தான்?”

“ஒண்ணும் சொல்லாண்டாம்ணு சொன்னாரு.”

“ம்” என்றார். அரத்தைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து கிணற்றங்கரைக்குப் போய் முகம் கழுவினார். உள்ளே போய், சபைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் வருவதற்கு.

பெரியம்மை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, “எங்க போறிய, பெண்ணு பாக்கவா?” என்றாள்.

“வேலைக்காக்கும்” என்றார் பெரியப்பா.

எங்கள் முற்றத்தில் இன்னொரு தேக்குச் சட்டம் தயாராக இருந்தது. இழைத்து, இரண்டு பக்கத்திலும் நாலுக்கு ஒண்ணு என்று கோடும் போட்டிருந்தது. சட்டத்தைப் பலகையோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, அப்பா வாளோடு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். பெரியப்பா அந்தப் பக்கம் வந்து நின்றார். நடுவில் நான்.

கைவாளால் சரிவு அறுக்கிறவனுக்குத் தன் பக்கத்துக் கோடுதான் தெரியும். அந்தப் பக்கத்தில் வாள் கோட்டோடு போகிறதா, விலகிப் போகிறதா என்று தெரியாது. அறுத்து முடித்தபிறகுதான் தெரியும், தெரிந்து பலனுமில்லை. அதனால் அந்தப் பக்கத்தில் ஒரு கண் இருப்பது நல்லது.

அப்பா என்னிடம் சொன்னார்: “எலே, இந்தப் பக்கத்துக் கோடு எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்துக் கோட்ட ஆரு பாப்பாண்ணு கேளு.”

நான் கேட்டேன்.

“கண்ணுள்ளவன் பாப்பாண்ணு சொல்லு” என்றார் பெரியப்பா, வெள்ளைச் சட்டையோடு குத்தவைத்துக்கொண்டு.

நான் சொன்னேன். வாள் ஓடத் தொடங்கியது. அப்பா அறுப்பதைப் பார்க்க வேண்டும். தோளிலிருந்து கை தனியாகக் கழன்று போய் வருவதுபோல இருக்கும், உடம்பு அசையாது. தேக்குத்தூள் ஒரே சீராக விழுந்தது. “நேராட்டு வருதுண்ணு சொல்லு” என்பார் பெரியப்பா. “நேராட்டு வருது” என்பேன். “இனி கொஞ்சம் மெதுவாட்டுண்ணு சொல்லு.” “மெதுவாட்டு.” அன்றைக்கு அந்த முற்றத்தில் என்னைவிடப் பெரிய ஆள் இல்லை.

பாதி போயிருக்கும். பெரியப்பாவின் முகம் மாறியது. வாள் அவர் பக்கத்தில் கோட்டைவிட்டு விலகத் தொடங்கியிருந்தது. அவர் என்னிடம் சொல்லி, நான் அப்பாவிடம் சொல்லி முடிப்பதற்குள் இன்னும் இரண்டு இழுப்பு போய்விடும். இரண்டு இழுப்பு போனால் இந்தத் தேக்கும் போச்சு.

“எலே, நிறுத்துலே!”

என்னைத்தான் சொல்கிறார் என்று நான் துள்ளிப்போனேன். என்னையில்லை. வாள் நின்றுவிட்டது. அடுக்களையில் அம்மை அரைத்துக்கொண்டிருந்த அம்மியும் நின்றுவிட்டது. வேலிக்கு மேலே பெரியம்மையின் தலை தெரிந்தது. அப்பா நிமிரவில்லை. வாளைப் பார்த்தபடியே கேட்டார்.

“எந்தப் பக்கமாட்டு சாடுது, அண்ணா?”

“எனக்க பக்கமாட்டு. பிடிய கொஞ்சம் தூக்கு. தூக்குலே. அவ்வளவு வேண்டாம்.”

“இப்பமோ?”

“ஆங். இனி விடு. கண்ண எடுக்காத, நான் இருக்கேன்லா.”

நான் வாயைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

அறுத்து முடிந்ததும், வெட்டின சின்னத் துண்டைப் பெரியப்பா எடுத்துக் கவிழ்த்து, சரிவின்மேல் சரிவு படியும்படி வைத்தார். கண்முன்னால் நேர்மரம் தலை சாய்த்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எத்தனையோ மிஷின் பார்த்துவிட்டேன். அந்த நொடி கண்ட அதிசயம் இன்னொரு தடவை வரவில்லை. ஒரே வெட்டில் பிறந்த இரண்டு முகம் அல்லவா, ஒன்று இன்னொன்றில் சேராமல் எங்கே போகும்? பிறகு இரண்டு துண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக, இரண்டு சரிவும் ஒரே சரிவாகத் தெரியும்படி அடுக்கி, இழைப்புளியை ஓட்டினார்கள். அண்ணன் நாலு தள்ளு, தம்பி நாலு தள்ளு. சுருள் சுருளாகத் தேக்கு விழுந்தது. வச்சிரம் காய்ச்சி ஒட்டி, கிழித்த சைக்கிள் டியூபைச் சுற்றிச் சுற்றி இறுக்கினார்கள். காய்ந்தபிறகு ஒட்டின இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். நகம் எங்கேயும் தட்டவில்லை.

கிறிஸ்மஸ் ஆராதனையில் வாத்தியாரின் தங்கைமகன்தான் வாசித்தான். கம்பி திருவனந்தபுரத்திலிருந்து வந்தது, கழுத்தில் குறுக்கே வரும் கட்டைகளுக்கு சைக்கிள் கம்பியை வெட்டிப் பதித்திருந்தது. முதல் பாட்டு முடிந்ததும் வாத்தியார், சுருதி கொஞ்சமும் இறங்கவில்லை என்று கையைத் தூக்கிக் காட்டினார். தேயிலைப் பெட்டிக்குள் அப்படி ஒரு நாதம் இருந்ததென்று தேயிலைக் கம்பெனிக்காரனுக்கே தெரிந்திருக்காது. எல்லாரும் கிட்டாரைப் பார்த்தார்கள். அப்பா கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில், அதே பெஞ்சில், பெரியப்பா.

திரும்பி வரும்போது இரண்டுபேரும் இடவழி முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள்.

“ஒனக்கு வாள் பிடிக்கத் தெரியுமாலே? நான் இல்லேண்ணா அந்தத் தடி அடுப்புக்குத்தான்.”

“சொல்லித் தந்தவன் சரியில்ல, அண்ணா.”

அம்மை பெரியம்மையிடம், “இவிய மிண்டாம, பேசாம இருந்ததே கொள்ளாம்” என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மாசிமாதம் பெரியப்பா மகளின் கல்யாணத்தில் பந்தல்கால் நட்டதிலிருந்து கடைசிப் பந்தி வரைக்கும் முன்னால் நின்றது அப்பாதான். எனக்குத்தான் வேலை போய்விட்டது. கோழி சேனையைக் கிண்டினால் பெரியப்பா நேராக அப்பாவையே திட்டினார். என்னை யாரும் கூப்பிடவில்லை. கிட்டாரை நான்தான் அறிவித்தேன், எனக்குக் கிடைத்த பலன் இதுதானா என்று கொஞ்சகாலம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தேன்.

கெட்டுப்போன அந்தத் தேக்குக் கட்டையை அம்மை அடுக்களைக் கதவுக்கு ஆப்பாக எடுத்துக்கொண்டாள். காற்றடித்தால் கதவு ஆடாமலிருக்க அதைவிட நல்ல ஆப்பு வேறு கிடையாது. அப்பா போனபிறகும், பெரியப்பா போனபிறகும் அது அங்கேயே கிடந்தது.

பழைய வீட்டை இடித்து நான் இந்த மூன்றடுக்கு வீட்டைக் கட்டினபோது, வேலைக்காரர்கள் விறகோடு விறகாக அதை எறியப்போனார்கள். பழக்கத்தில் கை நீட்டி வாங்கினேன். அதற்குள் நானும் ஆயிரம் சரிவு அறுத்துவிட்டவன். சும்மா நாலு விரலை வைத்துப் பார்த்தேன். ஏற்றம் மூன்று. கொஞ்சம் கூடவுமில்லை, குறையவுமில்லை. அப்பா மறந்துபோய் அறுத்த சரிவு, சபைக் கூரையில் பெரியப்பா சாதித்த அதே சரிவு. கட்டையைத் திருப்பினேன். அந்தப் பக்கமும் கோட்டிலிருந்து நூலிழை விலகவில்லை. அந்தப் பக்கம் பார்க்க ஆளில்லாமல், தனியாக உட்கார்ந்து, அப்பா அதை அறுத்திருந்தார்.

அந்தக் கை, மறுநிமிஷம் அண்ணன் எதிரே உட்கார்ந்தபோது கோட்டைவிட்டுச் சாடினதாம். நானும் நம்பினேன்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் எத்தனையோ சேதி சுமந்திருக்கிறேன், கூட்டியும் குறைத்தும். சபையார் முன்னால் சொன்ன ஒரு வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்ள என் அப்பா கண்டுபிடித்த ஒரே வழியை, கெட்டுப்போன விறகுக்கட்டை என்று நினைத்து, அழுதுகொண்டே, வேலிக்கு அந்தப் பக்கம் ஓடியிருக்கிறேன்.